நீள ஆயுதம் எவ்வளவு தூரம் எட்டும்? உங்கள் மேஜைக்கு எந்த ரீச் விதி?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. ஆளுக்கொரு கதாபாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேஜை விளையாட்டு. சார்ட் பேப்பரில் ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டங்கள், ஒரு கட்டம் 5 அடிக்குச் சமம், நடுவே இரண்டு கட்ட அகலத்தில் ஒரு பாலம். என் சித்தி மகன் ஆடும் ஃபைட்டர் என்ற போர்வீரன் கையில் கிளேவ். ஆள் உயரத்துக்கும் மேலான காம்பு, நுனியில் ஒற்றை அலகுக் கத்தி. அவனுக்கு அடுத்த கட்டத்தில் ஹாப்காப்ளின் என்ற அரக்க இனத்து வில்லாளி ஒருவன். என் முறை வந்தது. ஹாப்காப்ளினுக்காக வைத்திருந்த கறுப்புச் செஸ் காயை ஒரே ஒரு கட்டம் பின்னால் தள்ளி, "அம்பு விடுகிறான்" என்றேன்.

"அண்ணா, அவன் என்கிட்ட இருந்து விலகிட்டான்ல? அப்போ நான் ஒரு அடி அடிக்கலாம்."

"விலகினான் தம்பி. ஆனா உன் கிளேவ் எட்டுற தூரத்துக்குள்ளதான் இன்னும் நிக்கிறான். அடிக்க முடியாது."

"வாள் வெச்சிருந்தா?"

"அடிச்சிருப்பே."

அவன் தன் கேரக்டர் ஷீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "நீளமா ஒண்ணு வாங்கினதுக்கு இதுதான் பலனா?"

விதிப்படி நான் சொன்னது சரி. ஆனாலும் அவன் கேள்விக்கு அன்று என்னிடம் நல்ல பதில் இல்லை. அதற்கப்புறம் மூன்று வாரம், கிடைத்த நேரமெல்லாம் பழைய பதிப்புகளையும் வேறு விளையாட்டுகளின் விதிகளையும் விரித்து வைத்து, ஆயுதம் எட்டும் தூரத்தைக் குறிக்கும் ரீச் என்ற ஒரே சொல்லை யார் எப்படிக் கையாண்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஒவ்வொரு விதியையும் அதே பாலத்தில், அதே ஹாப்காப்ளினை வைத்து ஓட்டிப் பார்த்தேன். டன்ஜன் மாஸ்டராக, அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துபவராக, உட்காரும் யாரும் என்றாவது ஒரு நாள் இந்த முடிவை எடுத்தே தீர வேண்டும். ஆட்டத்தின் நடுவில், ஒருவன் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும்போது எடுப்பதைவிட முன்னாலேயே எடுத்துவிடுவது நல்லது.

முதலில் நீளத்தின் விலையைப் பார்ப்போம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5ஆம் பதிப்பில் கிளேவின் சேதம் ஒரு பத்துமுகப் பகடை, சராசரி 5.5. அதேபோல இரண்டு கையால் பிடிக்கும் கிரேட்ஸ்வோர்டுக்கு இரண்டு ஆறுமுகப் பகடை, சராசரி 7. ஆக, ஒவ்வோர் அடிக்கும் ஒன்றரைப் புள்ளியை விட்டுக்கொடுத்துத்தான் 5 அடி கூடுதல் நீளம் வாங்குகிறோம். பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டின் 2ஆம் பதிப்பில் விலை இன்னும் ஏறுகிறது: கிளேவுக்கு எட்டுமுகம், கிரேட்ஸ்வோர்டுக்குப் பன்னிரண்டுமுகம். சராசரியில் 2 புள்ளி வித்தியாசம். ஆயுதத்தில் மந்திர ரூன் ஏறி, உருட்டும் பகடைகள் கூடும்போது வித்தியாசமும் கூடிக்கொண்டே போகும். இந்த விலைக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் தம்பி கேட்ட கேள்வி.

நிஜச் சண்டையில் நீளத்தின் பலன் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நெருங்கி வருகிறவன் மேல் முதல் அடி நீளக் கம்பு வைத்திருப்பவனுடையது. பழைய விளையாட்டுகள் இதை அப்படியே எடுத்துக்கொண்டன. 1970களின் கடைசியில் வந்த அட்வான்ஸ்டு டி அண்ட் டி என்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பழைய வடிவில் ஒருவன் பாய்ந்து வந்து மோதினால், யாருடைய ஆயுதம் நீளமோ அவருக்கு முதல் அடி. 1978-ல் வந்த ரூன்குவெஸ்ட்டில் ஆயுத நீளம் ஸ்ட்ரைக் ரேங்க் என்ற எண்ணில் போய்ச் சேரும். நீளம் கூடினால் எண் குறையும், குறைந்த எண்காரர் முன்னால் அடிப்பார். கட்டம் போட்ட தாள் மேஜைக்கு வந்து நிலைத்தபிறகு, 'யார் முதலில்' என்ற கேள்வி 'எத்தனை கட்டம்' என்ற கேள்வியாக மாறிவிட்டது. இன்று நடக்கும் குழப்பத்தில் பாதி அங்கே தொடங்கியது என்பது என் எண்ணம்.

5ஆம் பதிப்பை எழுதியபடியே ஆடினால்

2014-ல் வந்த 5ஆம் பதிப்பில் ரீச் உள்ள ஆயுதங்கள் ஐந்துதான்: கிளேவ், ஹால்பர்ட், பைக் என்ற நெடிய ஈட்டி, குதிரைவீரர்களின் லான்ஸ், அப்புறம் சாட்டை. சாதாரண ஈட்டிக்கு ரீச் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இதில் தடுக்கி விழுவார்கள். ஈட்டியை ஒரு கையில் பிடித்து மறுகையில் கேடயம் வைக்கலாம், எறியவும் செய்யலாம். அதற்கு நீளத்தையும் கொடுத்தால் வேறு ஆயுதத்தை யாரும் தொடமாட்டார்கள். இதை மாற்ற வேண்டாம் என்றே சொல்வேன்.

ரீச் உள்ள ஆயுதத்தால் அடிக்கும்போது உங்கள் எட்டு (எட்டும் தூரம்) 5 அடி கூடும், அவ்வளவுதான். பக்கத்துக் கட்டத்தில் நிற்பவனையும் அடிக்கலாம், ஒரு கட்டம் தள்ளி நிற்பவனையும் அடிக்கலாம். லான்ஸுக்கு மட்டும் 2014 விதியில் ஒரு தடை உண்டு: 5 அடிக்குள் நிற்பவனை அடித்தால் இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும்.

சிக்கல் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்கில் இருக்கிறது. மேஜையில் நாங்கள் ஓஏ என்றே சொல்வோம். எதிரி உங்கள் எட்டை விட்டு வெளியே போகும் நொடியில்தான் அது கிடைக்கும். எட்டுக்குள் நுழைந்தால் கிடைக்காது, உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தாலும் கிடைக்காது. வாள்காரனின் எட்டு 5 அடி என்பதால் அவனை விட்டு ஒரு கட்டம் பின்வாங்கினாலே ஓஏ. கிளேவ்காரனிடமிருந்து ஒரு கட்டம் பின்வாங்கினால், இன்னும் 10 அடிக்குள்தான் இருக்கிறீர்கள். அடி இல்லை. அந்த ஒரு கட்டத்தால் வில்லாளிக்கு இரட்டை லாபம். பகைவன் 5 அடிக்குள் நின்றால் அம்பு விடுவதில் பாதகம் (அதே இரண்டு பகடையில் குறைந்ததை எடுப்பது) உண்டு, பின்வாங்கியதும் அது நீங்கிவிடுகிறது. வில்லாளியை மடக்கிப் பிடிக்கிற வேலையில் கிளேவ் வாளைவிட மட்டம். தம்பி கண்டுபிடித்தது அதைத்தான்.

இந்த விதியை அதன் பக்கம் நின்றும் பார்க்க வேண்டும். வளர்ந்த சிவப்பு டிராகன் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அது நிற்பதற்கே மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டம் வேண்டும். வாலின் எட்டு 15 அடி. சுற்றிலும் எண்ணினால் 72 கட்டங்கள் வாலுக்குள் அடங்கும். உள்ளே நகர்ந்தாலே அடி என்று விதி இருந்தால், அந்த 72 கட்டத்தில் எதிலிருந்து கால் எடுத்து வைத்தாலும் வால் வரும். யாரும் நின்ற இடத்தை விட்டு அசையமாட்டார்கள். 5ஆம் பதிப்பில் டிராகனின் வயிற்றுக்குக் கீழே ஓடி மறுபக்கம் போகலாம், தூணுக்குப் பின்னால் ஒளியலாம், விழுந்தவனை இழுத்து வரலாம். சண்டை ஓடிக்கொண்டே இருக்கிறது. நீள ஆயுதக்காரனுக்கு எதைக் கொடுத்தாலும் அதே விதி பூதத்துக்கும் டிராகனுக்கும் போகும் என்பதை மறந்துவிட்டு வீட்டு விதி எழுதியவர்கள் பின்னால் வருந்துவார்கள். நானும் எழுதியிருக்கிறேன்.

நெருங்கும்போது அடிக்கும் பலன் 5ஆம் பதிப்பில் இல்லாமல் இல்லை. அதைத் தனியாக வாங்க வேண்டும். போல்ஆர்ம் மாஸ்டர் என்ற ஃபீட் (தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் சிறப்புத் திறன்) எடுத்தவர், எதிரி எட்டுக்குள் நுழையும்போதே அடிக்கலாம். 2014 விதியில் இதனுடன் சென்டினல் ஃபீட்டையும் சேர்த்தால், அடி பட்டவன் வேகம் பூச்சியமாகி 10 அடி தூரத்திலேயே நின்றுவிடுவான். கைக்கு எட்டாத இடத்தில் நின்று அவன் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் குத்திக்கொண்டே இருக்கலாம். எத்தனையோ மேஜைகளில் டன்ஜன் மாஸ்டர்களைத் திணறடித்த ஜோடி இது. இப்படி மற்றவர் முறையில் அடிப்பதற்கு ஒரு சுற்றுக்கு ஒரு ரியாக்‌ஷன்தான் என்பதால் இரண்டாவது ஆள் உள்ளே வந்துவிடுவான். அதை நினைவில் வைத்திருந்தால் சமாளிக்கலாம். 2024-ல் திருத்தி வந்த விதியில் அந்த நுழைவு அடியை ஓஏ என்று எழுதவில்லை, ரியாக்‌ஷனாக ஓர் அடி என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். சென்டினல் நிறுத்துவது ஓஏ பட்டவனைத்தான். எழுத்துக்கு எழுத்து படித்தால் ஜோடி பிரிந்துவிட்டது.

நடுவில் ஓட்டை விட்ட வளையம்

2003-ல் வந்த 3.5 பதிப்பில் கிளேவ் முற்றிலும் வேறு பொருள். அது 10 அடியில் நிற்பவனை மட்டும் அடிக்கும். பக்கத்தில் ஒட்டி நிற்பவனை அடிக்க முடியாது. கட்டத்தில் வரைந்தால் நடுவில் ஓட்டையோடு உளுந்து வடை மாதிரி இருக்கும்: ஒட்டியுள்ள 8 கட்டங்கள் வெறுமை, அதற்கு வெளியே 16 கட்டங்கள் ஆபத்து.

அங்கே ஓஏ-வின் சட்டமும் வேறு. ஆபத்தான கட்டத்தை விட்டுக் கிளம்பினாலே அடி, எந்தப் பக்கம் கிளம்பினாலும் அடி. ஓடிவந்து உங்களை நெருங்குகிறவன் 10 அடிக் கட்டத்தை மிதித்து, அதைத் தாண்டி உள்ளே வர வேண்டும். தாண்டும்போது விழுகிறது கிளேவ். எந்த ஃபீட்டும் தேவையில்லை. உள்ளே வந்துவிட்டானா, இப்போது நீங்கள் வெறுங்கை மாதிரிதான். அடுத்த முறையில் ஓஏ தராத 5 அடி நகர்வை எடுத்து ஒரு கட்டம் பின்வாங்கி, அவனை மறுபடி வளையத்துக்குள் கொண்டுவந்து அடிப்பீர்கள். அவனும் 5 அடி நகர்ந்து ஒட்டுவான். பின்னால் சுவர் வந்துவிட்டால் கதை முடிந்தது. முதுகுக்குப் பின்னால் எத்தனை கட்டம் காலி என்று எண்ணிக்கொண்டே ஆடும் அந்தச் சண்டையின் அழகு வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

நம் பாலத்துக்கு வருவோம். ஒட்டி நிற்கும் ஹாப்காப்ளின் ஒரு கட்டம் பின்வாங்கி அம்பு விட்டால், அது வளையத்துக்குள் நின்று வில்லைத் தொட்டதாகிறது. அந்தப் பதிப்பில் அதற்கும் ஓஏ உண்டு, தம்பிக்கு ஓர் அடி நிச்சயம். ஆனால் ஹாப்காப்ளினுக்கு விதி தெரிந்திருந்தால் பின்வாங்கவே வாங்காது. ஒட்டிக்கொண்டே நின்று, மூக்குக்கு நேராக அம்பு விடும். கிளேவால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பதிப்பில் ஆடியவர்கள் முள் பதித்த கவசத்தைக் கூடவே வாங்கியதன் காரணம் இதுதான். பக்கத்தில் வருபவனுக்கு முள், தள்ளி நிற்பவனுக்குக் கிளேவ்.

இந்த வளையத்தை 5ஆம் பதிப்புக்குள் கொண்டுவரலாமா என்று பலரும் கேட்கிறார்கள். நான் ஒருமுறை கொண்டுவந்தேன். இரண்டே அமர்வில் எடுத்துவிட்டேன். வளையம் நன்றாக ஓடுவதற்கு அதைச் சுற்றியுள்ள நாலு விதிகள் வேண்டும்: 5 அடி நகர்வு, கட்டத்தை விட்டால் அடி, வில்லைத் தொட்டால் அடி, ஒரு சுற்றுக்கு ஒன்றுக்கு மேல் அடி தரும் காம்பாட் ரிஃப்ளெக்சஸ் ஃபீட். அவை இல்லாத இடத்தில் வளையத்தை மட்டும் நட்டால் கிளேவ்காரனுக்கு நஷ்டம் மட்டுமே மிஞ்சும். நெருங்கும் அடியை எல்லோருக்கும் சும்மா கொடுத்துச் சரிக்கட்டலாம் என்றால், போல்ஆர்ம் மாஸ்டருக்காக ஒரு ஃபீட்டைச் செலவழித்தவன் முகம் வாடுகிறது. அவன் காசு கொடுத்து வாங்கியதை ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்துவிட்டோம்.

பாத்ஃபைண்டர் 2

நீளத்துக்கு முழு மரியாதை வேண்டும் என்கிறவர்களுக்கு நான் கைகாட்டும் இடம் இதுதான். கிளேவ் பக்கத்தில் நிற்பவனையும் அடிக்கும், 10 அடியில் நிற்பவனையும் அடிக்கும். ஓட்டை இல்லை. ரியாக்டிவ் ஸ்ட்ரைக் என்று இப்போது பெயர் மாறியிருக்கும் எதிரடி, எட்டுக்குள் யாராவது நகர்ந்தாலோ, அம்பு விட்டாலோ, கையால் எதையாவது எடுத்தோ மந்திர முத்திரை பிடித்தோ செய்தாலோ கிடைக்கும். பாலத்து வில்லாளி ஸ்டெப் என்ற 5 அடி நகர்வை எடுத்தால் அதற்கு அடி இல்லை. ஆனால் பின்வாங்கி நின்ற இடமும் கிளேவின் எட்டுக்குள்தானே, வில்லை இழுத்ததும் அடி. தப்ப வேண்டுமானால் இரண்டு ஸ்டெப் எடுக்க வேண்டும், ஒரு முறைக்கு உள்ள மூன்று ஆக்‌ஷனில் இரண்டு அதற்கே போய்விடும். எதிரியின் ஆக்‌ஷனைத் தின்பதுதான் நீளத்துக்குக் கிடைக்கும் பலன். 2 புள்ளி சேதம் குறைந்ததற்கு இது தகும்.

அப்படியானால் 72 கட்ட டிராகன் சிக்கல் இங்கே வராதா? இந்த எதிரடியை எல்லோருக்கும் கொடுக்காமல் அதைத் தீர்த்திருக்கிறார்கள். ஃபைட்டருக்கு முதல் நிலையிலேயே உண்டு. மற்ற சில வகுப்பினர் பின்னால் எடுக்கலாம். அரக்கர்களிலும் சிலருக்குத்தான். எது அடிக்கும், எது அடிக்காது என்று முதல் சுற்றில் தெரியாததால் ஆட்டக்காரர்கள் ஒரு பரபரப்போடு காலை எடுத்து வைக்கிறார்கள். தடையென்று சொன்னால் ஒன்றுதான்: படிக்க வேண்டிய விதிகள் ஏராளம். வாரம் ஒருமுறை, வேலை முடிந்து களைத்து வரும் ஐந்து பேரை அதற்குள் கொண்டுவர எங்களுக்கு மூன்று மாதம் பிடித்தது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2008-ல் வந்த 4ஆம் பதிப்பை வேகமாகக் கடந்துவிடலாம். அங்கே ரீச் ஆயுதத்தால் உங்கள் முறையில் ஒரு கட்டம் தள்ளி நிற்பவனையும் அடிக்கலாம், ஓஏ மட்டும் ஒட்டி நிற்பவன் மேல்தான். தெளிவான விதி, வாக்குவாதமே வராது. ஆனால் நீளம் உங்கள் முறையில் மட்டும் உயிரோடிருந்து, மற்றவர் முறையில் குட்டையாகிவிடுகிறது. பாலத்து வில்லாளி ஓஏ தராத ஷிஃப்ட் என்ற நகர்வில் ஒரு கட்டம் பின்வாங்கி நிம்மதியாக அம்பு விடுவான்.

மூலைவிட்டமும் தோழன் முதுகும்

எந்த விதியை எடுத்தாலும் மூலைவிட்டக் கணக்கை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். குறுக்காகப் போகும் ஒவ்வொரு கட்டமும் 5 அடி என்றால், 10 அடி எட்டுக்குள் 24 கட்டங்கள். முதல் குறுக்கு 5 அடி, இரண்டாவது 10 அடி என்று மாற்றி மாற்றி எண்ணினால், நாலு மூலைக் கட்டங்களும் 15 அடி தூரத்துக்குப் போய்விடும். 20 கட்டங்களே மிஞ்சும்.

வளைய விதியில் இந்த நாலு மூலைகள் வெறும் எண்ணிக்கைச் சமாச்சாரமாக நிற்காது. குறுக்காக ஓடிவருகிறவன் 15 அடியிலிருந்து நேரே 5 அடிக்கு வந்துவிடுவான். 10 அடிக் கட்டம் என்று ஒன்று அவன் பாதையில் இருக்கவே இருக்காது. கிளேவ்காரன் கண்ணெதிரே கதவு திறந்து கிடந்த மாதிரி. இதை அடைக்கத்தான் 3.5 பதிப்பு, ரீச் ஆயுதம் மூலைவிட்டத்திலும் இரண்டாவது கட்டத்தை எட்டும் என்று ஒரு விலக்கை எழுதி வைத்தது. பாத்ஃபைண்டர் 2-லும் 10 அடி ரீச்சுக்கு அதே விலக்கு உண்டு. மாற்றி எண்ணும் முறையை 5ஆம் பதிப்பில் விருப்ப விதியாக எடுப்பவர்கள் இந்த விலக்கையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் எல்லாக் குறுக்கும் 5 அடி என்றே வைத்திருக்கிறோம். வடிவியல்படி தப்புதான், ஆனால் ஒருவரும் விரல் விட்டு எண்ணிக்கொண்டு நிற்பதில்லை.

அடுத்தது சந்து. முன்னால் தோழன் கேடயத்தோடு நிற்க, பின்னாலிருந்து அவன் தோளுக்கு மேலாகக் குத்துவதற்கென்றே நீள ஆயுதம் வாங்குகிறவர்கள் உண்டு. 5ஆம் பதிப்பில் நடுவில் நிற்பவர் நண்பரானாலும் எதிரிக்கு அரை மறைவு கிடைக்கும், அடி படுவதற்குப் பகடை எட்ட வேண்டிய கவச எண்ணில் 2 கூடும். 3.5-ல் ஒரு கட்டம் தள்ளி அடிப்பதற்கு அம்பு விடும் மறைவுக் கணக்குதான், ஆகவே 4 கூடும். பாத்ஃபைண்டர் 2-ல் 1 மட்டும். 5ஆம் பதிப்பின் இந்த 2-ஐ எத்தனையோ மேஜைகளில் மறந்தே ஆடுகிறார்கள். மறக்காமல் ஆடினால், தோழன் ஒரு கட்டம் விலகி வழிவிடுவதற்கு ஒரு காரணம் வருகிறது. அது நல்லதுதான்.

கட்டம் வேண்டாம் என்றால்

சிலம்பம் சுற்றுபவரை அருகிலிருந்து பார்த்திருக்கிறீர்களா? கம்பின் அடிமுனையைப் பிடித்து வீசியவர், எதிராளி உள்ளே புகுந்ததும் கையை நடுக்கம்புக்கு நழுவவிட்டுக் குட்டையாக்கிக்கொள்வார். ஒரே கம்பு, இரண்டு நீளம், நடுவில் ஒரு கணம். 3.5-ன் ஓட்டை இதை மறுக்கிறது. 5ஆம் பதிப்பு அந்த ஒரு கணத்தையே விழுங்கிவிடுகிறது. நான் பார்த்தவற்றில் அதைச் சரியாகப் பிடித்தது கர்ப்ஸ் விளையாட்டுதான். ஓர் அறுகோணம் ஒரு கஜம், ஒரு முறை ஒரு வினாடி. இரண்டு கையால் பிடித்த ஈட்டிக்கு ரீச் 1, 2 என்று போட்டு ஓர் உடுக்குறி வைத்திருப்பார்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற ஒரு முறையைச் செலவழித்து ஆயுதத்தைத் தயார் செய்ய வேண்டும் என்பது அந்தக் குறியின் பொருள். ஹால்பர்டை வீசி அடிப்பதற்கு 2, 3, அதே குறியோடு. இருவர் மோதும் சண்டைக்கு இதைவிடத் துல்லியமான விதி எனக்குத் தெரியாது. பத்துப் பேர் மோதினால் அரை நிமிடச் சண்டைக்கு ஒரு மாலை போய்விடும்.

மறுகோடியில் 2012-ல் வந்த டன்ஜன் வேர்ல்ட். அங்கே கட்டமே கிடையாது. கத்திக்கு 'கை', வாளுக்கு 'நெருக்கம்', ஈட்டிக்கும் ஹால்பர்டுக்கும் 'ரீச்' என்று ஒட்டிய சொற்கள் மட்டும். கத்தியோடு ஈட்டிக்காரனை நெருங்க வேண்டும் என்றால், எப்படி நெருங்குகிறாய் என்று நடத்துபவர் கேட்பார். முனையைத் தட்டிவிட்டு உள்ளே புகுவதாகச் சொன்னால், அதற்கு முதலில் ஓர் ஆபத்துப் பகடை. 'யார் முதலில்' என்ற பழைய கேள்வி இங்கே உயிரோடு திரும்பி வருகிறது. ஆனால் பாலத்து வில்லாளி பின்வாங்கினால் என்ன நடக்கும் என்பது முழுக்க நடத்துபவர் கையில். நடத்துபவரை நம்பும் மேஜைக்கு இது போதும். என் சித்தி மகனைப் போல விதியின் வரியைக் காட்டச் சொல்கிறவனுக்குப் போதாது.

நாங்கள் எடுத்த முடிவு

புதிதாகத் தொடங்குகிறவர்கள், கதைக்காக ஆடுகிறவர்கள் என்றால் கட்டத்தை விட்டுவிட்டு டன்ஜன் வேர்ல்டின் ஒட்டுச் சொற்களுக்குப் போகலாம். கட்டத்தில் சண்டை போடுவதற்காகவே கூடுகிறவர்கள், படிக்கவும் தயாராக இருப்பவர்கள் என்றால் பாத்ஃபைண்டர் 2. ஏற்கெனவே 5ஆம் பதிப்பில் ஓர் ஆண்டாக ஓடிக்கொண்டிருக்கும் கதையை உடைக்க மனமில்லாதவர்கள், எங்களைப் போல, அதிலேயே இருங்கள். வளையத்தையோ இலவச நுழைவு அடியையோ வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டாதீர்கள். அதற்குப் பதில் 2024 விதியை ஊன்றிப் படியுங்கள். நான் தேடிய பதில் அதற்குள்ளேயே இருந்தது.

ரீச் கூட்டும் 5 அடி அந்த ஆயுதத்தால் அடிப்பதற்கு மட்டுமே. கிளேவ்காரனுக்குக் கைகால் இல்லாமல் போய்விடவில்லை. வெறுங்கை அடியின் எட்டு எப்போதும் 5 அடிதான். பக்கத்துக் கட்டத்திலிருந்து ஒருவன் பின்வாங்கும்போது கிளேவின் எட்டை விட்டுப் போகவில்லை என்றாலும், கையின் எட்டை விட்டுப் போகிறான். ஆகவே வெறுங்கையால் ஓஏ உண்டு. 2014 விதியில் இதற்கு ஒரு உதை கிடைக்கும், ஒன்றோடு வலிமைக்கான கூட்டல் எண். 16 வலிமை உள்ளவனுக்கு அது 3, ஆக 4 புள்ளி. பெரிதாக ஒன்றுமில்லை. 2024-ல் வெறுங்கை அடிக்கு மூன்று வழி: சேதம், தள்ளுதல், பிடித்தல். ஓஏ-வில் மூன்றில் எதையும் எடுக்கலாம். பிடிக்க ஒரு கை காலியாக இருக்க வேண்டும். இரு கை ஆயுதத்துக்கு அடிக்கும் நேரத்தில்தான் இரண்டு கை வேண்டும், சும்மா பிடித்திருக்க ஒரு கை போதும் என்பதால் அதற்கும் தடையில்லை.

இதைப் படித்த இரவே ஓர் அட்டையில் மூன்று வரி எழுதி, டைஸ் டிரே பக்கத்தில் ஒட்டினேன். ஒவ்வோர் அடிக்கும் தனி எட்டு. எல்லாக் குறுக்கும் 5 அடி. நடுவில் ஆள் நின்றால் கவசம் 2 கூடும். அரக்கர்களுக்கும் இதே மூன்று வரிதான் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு பாலத்தை மறுபடி விரித்தோம். விட்ட இடத்திலேயே காய்களை வைத்து, ஹாப்காப்ளினை ஒரு கட்டம் பின்னால் எடுத்தேன். தம்பி அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஒரு கையைக் கிளேவ்ல இருந்து எடுக்கிறேன் அண்ணா. கழுத்தைப் பிடிக்கிறேன்."

பிடியின் இலக்கு எண்: 8, அதோடு வலிமைக்கு 3, தேர்ச்சிக்கு 2. ஹாப்காப்ளின் 13 எடுத்தால் தப்பும். பகடையில் 9, அதன் சுறுசுறுப்புக்கு 1, மொத்தம் 10. காயைப் பழைய கட்டத்துக்கே திருப்பி வைத்தேன். இப்போது அதன் வேகம் பூச்சியம், பிடித்தவனைத் தவிர வேறு யார் மேல் அம்பு விட்டாலும் பாதகம், பிடித்தவன் மேல் விட்டாலும் 5 அடிக்குள் நிற்பதால் பாதகம்.

அவன் முறை வந்தது. பிடித்த பிடியை வைத்துக்கொண்டே பாலத்தின் விளிம்புக்கு இழுத்துப் போகலாம். இல்லை, விட்டுவிட்டு இரண்டு கையாலும் கிளேவை ஓங்கலாம். சரியாக ஒரு நிமிடம் யோசித்தான். அப்புறம் கழுத்தை விட்டுவிட்டு, பத்துமுகப் பகடையைக் கையில் எடுத்தான்.